தண்டவாளமும் ஜூம் லென்ஸும்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வருவோர், தாம் அறியாமலே ஒரு காட்சிப் பாடத்தைக் கற்றுச் செல்கின்றனர். கோபுரத்துக்கு முன்னால் 300 அடி தள்ளி நிற்கும் நண்பரை 10 அடி தூரத்திலிருந்து நோக்குவோம். பிறகு இன்னும் 10 அடி பின்வாங்குவோம். நண்பரின் தோற்றம் பாதியாகிவிடும். கோபுரத்துக்கோ அந்த 10 அடி ஒரு பொருட்டே அன்று. அது ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

டாலி ஜூம் என்னும் திரைப்பட உத்தி இந்த எளிய கணக்கின்மேல் எழுந்தது. கேமராவை டிராலியில் 10 அடி பின்னே இழுக்கும்போதே ஜூம் லென்ஸின் குவியத் தூரத்தை 25 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ.க்குக் கூட்டினால், நண்பர் திரையில் அதே அளவில் இருப்பார். கோபுரம் மட்டும் ஏறத்தாழ இருமடங்காகி அவர் முதுகின்மேல் கவியும். முறையைத் திருப்பி, கேமரா முன்னேற லென்ஸ் அகன்றால், பின்னணி விலகி ஓடும். டிராலியைத் தள்ளுபவரும் ஜூமைத் திருப்புபவரும் ஃபோகஸைக் காப்பவரும் ஒரே மூச்சில் இயங்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் முன்னிற்பவர் வீங்குவார் அல்லது சிறுப்பார், மாயம் கலைந்துவிடும்.

மது மயக்கத்தில் தாம் ஒருமுறை கண்ட, எல்லாம் விலகிச் செல்வது போன்ற தோற்றத்தைத் திரையில் கொணர ஹிட்ச்காக் விரும்பினார். 1940-இல் 'ரெபெக்கா'வில் முயன்றும் கைகூடவில்லை. 1958-இல் 'வெர்டிகோ'வில்தான் அது வாய்த்தது. உயரத்தைக் கண்டு அஞ்சும் நாயகன் மணிக்கூண்டின் படிக்கட்டில் நின்று கீழே நோக்கும் காட்சி அது. கேமராவைச் செங்குத்தாக ஏற்றி இறக்க 50,000 டாலர் ஆகும் என்றார்கள். அக்காட்சியில் மனிதர் எவரும் தெரியப் போவதில்லையே என்று எண்ணிய ஹிட்ச்காக், படிக்கட்டின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து தரையில் பக்கவாட்டில் கிடத்தச் செய்தார். செலவு 19,000 டாலரில் முடிந்தது. இந்த விவரங்களைத் துருஃபோவிடம் அவரே கூறியிருக்கிறார். உத்தியை நடைமுறையில் சாதித்தவராகக் கருதப்படுபவர் பாரமவுண்ட் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். 'ரெபெக்கா' வெளிவந்த அதே 1940-இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடமேற்ற 'உத்தம புத்திரன்' வெளிவந்தது. 'வெர்டிகோ' வெளிவந்த அதே 1958-இல், சிவாஜி கணேசன் நடிக்க, பிரகாஷ் ராவ் இயக்கத்தில், ஸ்ரீதரின் எழுத்தில், அப்பெயரிலேயே இன்னொரு படம் வந்தது. ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். இந்தியத் திரையில் ஜூம் லென்ஸ் முதன்முதலில் கையாளப்பட்டது இப்படத்தின் பாடல் காட்சி ஒன்றில் என்று திரை வரலாறு பதிவு செய்துள்ளது.

அது டாலி ஜூம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூம் தனித்து இயங்கும்போது முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் ஒருசேரப் பெரிதாக்குமேயன்றி, அவற்றுக்கு இடையேயான விகிதத்தை மாற்றாது. விகிதத்தை மாற்றுவது கேமராவின் இடப்பெயர்ச்சியே. எனினும், ஹாலிவுட்டில் அவ்விரண்டும் இணைந்த ஆண்டிலேயே அவற்றுள் ஒன்று சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது சிறிய செய்தியன்று. வின்சென்ட்டின் கண் அங்கே நின்றுவிடவும் இல்லை. ஒரே மருத்துவமனை அரங்கில் முழுப் படத்தையும் முடித்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) அவர் ஒளிப்பதிவில் உருவானதே.

தமிழ் பயின்றோராகிய நமக்கு ஒரு குறை உண்டு. 'உத்தம புத்திரன்' என்றதும் பாடல்கள் நினைவுக்கு வருகின்றன. நடிகர்திலகத்தின் நடை நினைவுக்கு வருகிறது. வகுப்பறையில் திரைப்படத்தைப் பேச நேர்ந்தாலும் வசனத்தையும் பாடலையுமே ஆராய்கிறோம். சொல் இருக்கும் இடத்தில் மட்டுமே கலை இருப்பதாக நம்பிப் பழகிவிட்டோம். 2015-இல் வின்சென்ட் மறைந்தபோது, அவர் பெயரை மாணவர்களுக்கு ஒருமுறையேனும் சொல்லியிருந்த தமிழாசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்?

சங்கரனும் நாராயணனும் ஓருருவில் நிற்கும் ஊர் இது. எதிரெதிரான இரு நகர்வுகள் ஒரே சட்டகத்துள் இணைவதை இங்குள்ள மாணவர்க்கு விளக்குவது கடினமன்று. அடுத்த தபசுக்கு அவர்களைக் கோபுரத்தின் முன் அழைத்துச் சென்று, 10 அடி பின்னால் நடக்கச் சொல்லித் தொடங்கலாம். அப்போது ராபர்ட்ஸின் பெயரையும் வின்சென்ட்டின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.