அறிவிக்கப்படாத குடிசைகள்: சென்னையில் மறுகுடியமர்வுக் கொள்கையின் வரலாறு

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்புவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டத்தின்படி, நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்த ஒரு பகுதியை அரசு முறைப்படி குடிசைப் பகுதி என அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்போரை உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி வெளியேற்ற வழக்குத் தொடுக்க இயலாது. வசதிகளைக் கோரும் தகுதியும் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பும் இந்த ஓர் அறிவிப்பையே சார்ந்திருந்தன. 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டு, 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் நகரம் வளர்ந்தது, பட்டியல் வளரவில்லை. பின்னாளைய வெளியேற்றங்களின் வேரை இந்த மௌனத்தில்தான் தேட வேண்டும்.

1977 முதல் உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், மாடிக் கட்டடங்களின் செலவைக் காரணம் காட்டி, குடிசைகளை அவ்விடத்திலேயே மேம்படுத்துவதையும் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் அடிப்படை வசதிகளுடன் மனைகளை வழங்குவதையும் முன்னிறுத்தியது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வுரிமை என்பது வாழ்வாதாரத்தையும் உள்ளடக்கியது என்று கூறிய உச்ச நீதிமன்றம், அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகளின் வழக்கில், மாற்றிடம் வழங்கும் நடைமுறையைத் தமிழக அரசு தொடரும் என்ற நம்பிக்கையைப் பதிவு செய்தது. அந்த மாற்றிடம் எவ்வளவு தொலைவில் அமையலாம் என்பது தீர்க்கப்படாமலே நின்றது.

2000ஆம் ஆண்டு முதல் விடை தெளிவாயிற்று. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரையோரக் குடிசைகள் 'ஆட்சேபகரமான புறம்போக்கு', அதாவது பொதுப் பயன்பாட்டுக்குரியதாகையால் பட்டா வழங்க இயலாத அரசு நிலம், என்ற வகைக்குள் வந்தன; குடியிருந்தோர் ஆக்கிரமிப்பாளர் ஆயினர். பாலமும் பறக்கும் ரயிலும் ஆற்றுச் சீரமைப்பும் வந்த இடங்களிலிருந்து குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என நகரின் தென்விளிம்புக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் உண்டு என்பதற்காக 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அகற்றப்பட்டவர்கள், வெள்ளநீரை உள்வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அக்குடியிருப்புகளுக்கே அனுப்பப்பட்டது இக்கொள்கையின் பெரும் முரண்.

இழப்பு சுவர்களோடு நிற்கவில்லை. நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண்களும் மீன் விற்றவர்களும் கூலித் தொழிலாளரும் நடந்தே வேலைக்குச் சென்றவர்கள். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறியபின் பேருந்துச் செலவும் பயண நேரமும் கூலியைத் தின்றன. கல்வியாண்டின் நடுவே நடந்த அகற்றங்களால் பிள்ளைகளின் படிப்பு நின்றது. முகவரியைக் கேட்டதுமே வேலை மறுக்கப்படும் அளவுக்குக் கண்ணகி நகரின் மீது பழி படிந்தது. ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்த திட்டமிடலே அப்பழிக்குப் பொறுப்பு.

2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. 2022 மே மாதம், நீதிமன்ற உத்தரவின்படி ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து, அகற்றப்படுவோருக்கு அருகிலுள்ள மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே வீடுகள் ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்; வாரியம் தோன்றிய காலத்து நோக்கத்தை அரசு மீண்டும் நெருங்கிவர ஓர் உயிர் வேண்டியிருந்தது.