ஒரேயொரு தமிழ்க் கதிரை: சைமன் காசிச்செட்டியும் முக்குவர் வழமையும்

சைமன் காசிச்செட்டி எண்டால் 'தமிழ் புளூட்டாக்' எழுதினவர் எண்டு ஒரு வரியோட நம்மட பாடப்புத்தகம் கடந்து போயிடும். அவர் நீதிபதி, அரசியல்வாதி எண்டது பலருக்குத் தெரியாது. அதோட, மட்டக்களப்பாருக்கு அவரில தனியா ஒரு அக்கறை இருக்க வேணும்.

1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். மறுகா புத்தளத்துக்கு மணியகாரர். 1838இல் தேசாதிபதி அவரைச் சட்டநிரூபண சபைக்கு நியமிச்சார். 1833இல் உருவான அந்தச் சபையில் உத்தியோகப்பற்றற்றவர்கள் ஆறே பேர்: ஐரோப்பியர் மூன்று, சிங்களவர் ஒருவர், பறங்கியர் ஒருவர், தமிழர் ஒருவர். யாழ்ப்பாணத்துக்கும் அந்த ஒருவர்தான், வன்னிக்கும் அவர்தான், எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் அவர்தான். முஸ்லிம்களுக்கெண்டு தனி உறுப்பினர் வந்ததே 1889இல். இதில யாரும் யாருக்கும் வாக்குப் போடல்ல. எல்லாருக்கும் வாக்கு எண்ட கதை 1931இல்தான்.

1845இல் காசிச்செட்டி சிவில் சேவைக்குள்ள போனார். அந்தச் சேவைக்குள்ள நுழைஞ்ச முதல் இலங்கையர்களில் ஒருவர். அதுக்காகச் சபைக் கதிரையை விட்டார். கடைசியில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' வெளிவந்து அடுத்த வருசமே காலமானார்.

பதவிகளை இப்படி அடுக்கினால் வெள்ளைக்காரன்ட ஏணியில் ஒழுங்கா ஏறின ஒருவர் மாதிரித்தான் தெரியும். எனக்கு அந்த ஏணியை விட முக்கியம், மணியகாரரா இருக்கிற நாளில், 27 வயதில், 1834இல் அவர் வெளியிட்ட 'சிலோன் கசெற்றியர்'. இலங்கையின்ட ஊர்களையும் ஆறுகளையும் சனங்களையும் அகரவரிசையில் ஆங்கிலத்தில் அடுக்கின புத்தகம். புத்தளத்து முக்குவருக்குக் கண்டி அரசர் காலத்தில் பதினெட்டு வன்னியர் கூடி வழக்குத் தீர்க்கிற சொந்த நீதிமன்றம் இருந்ததெண்டு அதில எழுதி வைச்சிருக்கார். ஆங்கிலேய நீதிமன்றத்தில் வேலை பழகின மனிசன், அதுக்கு முந்தி இருந்த நீதிமன்றத்தைப் பதிவு செய்யிறார்!

புத்தளத்துக் களப்பும் நம்மட களப்பும் தீவின்ட இரண்டு கரைகளில் கிடந்தாலும், முக்குவர் வழமை இரண்டுக்கும் பொது. ஆம்பிளைக்கு வந்த முதுசம் அவர்ட பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின்ட பிள்ளைகளுக்குப் போகும். தாய்வழிக் குடிதான் அடித்தளம். ஆங்கிலேய நீதிமன்றங்களும் கொஞ்சக் காலம் இதை ஏற்றுத்தான் தீர்ப்புச் சொன்னது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இலேயே எழுத்தில் தொகுத்திட்டாங்க. அது இண்டைக்கும் சட்டம். முக்குவர் வழமைக்கு அரசாங்கம் அப்படியொரு தொகுப்புச் செய்யல்ல. 1876இன் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதை முடிச்சு வைச்சது. அதே வருசம்தான் கிறிஸ்தோபர் பிறிற்றோ எண்ட சட்டத்தரணி 'முக்குவர் சட்டம்' எண்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் போட்டார். பிந்தித்தான், ஆனாலும் போட்டார்.

காசிச்செட்டி ஏழு வருசம் சபையில் இருந்தும் இந்த வழமைக்கு ஒரு தொகுப்பு வரல்ல. அதுக்கு அவரை மட்டும் குற்றம் சொல்லேலாது: ஒன்பது உத்தியோகத்தருக்கு முன்னால, நியமனத்தில் வந்த ஒற்றைத் தமிழ்க் குரல் எவ்வளவு தூரம் எடுபடும்? பத்திரங்களில முதுசம் தகப்பனிட்ட இருந்து மகனுக்கு மாறிப் போச்சு. கொக்கட்டிச்சோலைப் பக்கம் கோயில் வண்ணக்கர் உரிமை எண்டு வந்தால் மட்டும் இப்பவும் தாய்ட குடியைத்தான் கேட்பாங்க.