கல்லுடைத்தவர்களின் கணக்கு

ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் கோயிலின் கொடுங்கைக்குக் கீழே நின்றால் யாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கல்லையே மரச்சட்டமாக, கம்பியாக, ஆணியாகச் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அங்கே சிற்பிகளைவிட, இதே மாவட்டத்தில் ஜல்லி உடைத்த பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

புதுக்கோட்டைக் கல்குவாரிகள் ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தன. உடைப்பது பெண்கள், விலை சொல்வதும் கணக்கு எழுதுவதும் வேறு ஆட்கள். முன்பணம் வாங்கிய குடும்பம் கடனிலிருந்து மீளாது. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் சில குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. எழுத்து அங்கே வெறும் அ, ஆ இல்லை. எத்தனை லோடு போனது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தாங்களே எழுதி வைப்பது.

ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தார்கள். குத்தகைக்கோ காலக்கெடு உண்டு, ஆட்சியர்களும் மாறுவார்கள்.

இன்று 'அனைவரையும் உள்ளடக்கிய பணியிடம்' என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். கணக்குநோட்டு யார் கையில் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

அறிவொளியோடு சைக்கிளும் வந்தது. பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்: லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. முன்னால் பார் இருக்கிறதே, குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.