வண்டியின் வாலில் ஒரு சமையலறை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்தும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார்தானே என்று பொறுத்துக்கொண்டு கடைசிவரை படித்துவிடுங்கள்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், விடுமுறை வந்தால் காருக்குப் பின்னால் கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் கிளம்பிவிடுகிறீர்கள். படமும் போடுகிறீர்கள். அந்தப் படங்களில் மலையை விட என்னை அதிகம் இழுப்பது, டிரெய்லரின் பின்பக்கத்திலிருந்து நீண்டு வெளியே வந்திருக்கும் தட்டுகள்தான். ஒரு தட்டில் அடுப்பு, ஒன்றில் ஐஸ் பெட்டி, ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான். இழுத்தால் மொத்தமும் வெளியே வருகிறது, தள்ளினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது.

இதில் இருக்கும் யோசனை மிகவும் எளிமையானது. டிரெய்லரில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம் ஆழமானது. வெறும் அலமாரியாக விட்டால் முன்னால் இருப்பது மட்டும் கைக்கு எட்டும். பின்னால் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்க முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். தட்டாக வைத்துவிட்டால், கை சாமானைத் தேடிப் போக வேண்டியதில்லை, சாமானே கையைத் தேடி வெளியே வந்துவிடும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று அம்மாவின் விரலுக்குத் தெரிந்திருக்குமே, அந்த ஒழுங்கை ஓடுகிற வண்டிக்குள் கொண்டுவந்து வைத்தது போல.

ஓடுகிற வண்டியில் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் டெக்சாஸ்காரர் ஒருவர். சார்லஸ் குட்நைட். ஆண்டு 1866.

அப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டெக்சாஸில் மாடுகள் ஏராளம், வாங்க ஆள் இல்லை. மேற்கே நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவ முகாமில் இறைச்சிக்குத் தேவை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, குட்நைட்டும் அவரைவிட மூத்தவரான ஆலிவர் லவிங்கும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 2,000 மாடுகள், 18 ஆட்கள். வாரக்கணக்கில் நடை. வழியில் 80 மைல் தூரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரவும் பகலும் நிற்காமல் ஓட்டியும் பீகோஸ் ஆற்றைத் தொடுவதற்குள் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்துப்போயின.

இப்படிப்பட்ட வழியில் 18 பேருக்குத் தினமும் சோறு போடுவது எப்படி? அதுவரை மாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பையில் காய்ந்த இறைச்சியும் ரொட்டியும் போட்டுக் குதிரையில் கட்டிக்கொண்டு போவார்கள். நாலைந்து நாளுக்கு அது தாங்கும், மாதக்கணக்கில் தாங்காது.

குட்நைட் ஒரு பழைய அரசாங்க வண்டியை வாங்கி, தச்சரிடம் கொடுத்து முழுக்க மாற்றிக் கட்டச் சொன்னார். மரத்துக்கு அவர் தேர்ந்தது ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரம். அந்தப் பகுதிப் பூர்வகுடிகள் வில் செய்யப் பயன்படுத்திய மரம் அது, வளையும், லேசில் உடையாது. அச்சை மரத்துக்குப் பதில் இரும்பில் போட்டார். பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய். அடியில் தொட்டில் மாதிரி ஒரு மாட்டுத்தோல், அதில் விறகும் காய்ந்த சாணியும். எல்லாவற்றையும் விட முக்கியமானது வண்டியின் வாலில் நிமிர்ந்து நின்ற ஒரு பெட்டி. பெட்டி முழுக்க அறைகளும் இழுப்பறைகளும். அதன் மூடியைக் கீழே இறக்கி ஒரு காலை முட்டுக் கொடுத்தால் சமையல் மேசை.

‘சக்’ என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் சாப்பாடு. அதனால் இதற்கு ‘சக் வேகன்’ என்று பெயர் வந்தது. சாப்பாட்டு வண்டி.

அந்த இழுப்பறைகளில் மாவு, சர்க்கரை, காப்பிக்கொட்டை, பீன்ஸ், உலர்ந்த பழம், தகரத் தட்டு, குவளை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஓர் அறையில் ஊசி நூல், சவரக்கத்தி, காயத்துக்குக் கட்டுத் துணி, விளக்கெண்ணெய், மருந்துக்கென்று கொஞ்சம் விஸ்கி. சமையற்காரர்தான் வைத்தியர், நாவிதர், தையற்காரர் எல்லாம். கறுப்பினத்தவர், மெக்சிகோக்காரர், மாடு ஓட்ட முடியாத அளவுக்கு மூட்டு போன பழைய மாட்டுக்காரர் என்று பலர் இந்த வேலையைச் செய்தார்கள். மாடு ஓட்டுபவரை விட இவருக்குச் சம்பளம் அதிகம். வண்டியைச் சுற்றி இவர் வைத்ததுதான் சட்டம். அனுமதி இல்லாமல் யாரும் இழுப்பறையைத் திறக்கக் கூடாது, குதிரையை அடுப்புப் பக்கம் புழுதி வரும்படி ஓட்டக் கூடாது. ராத்திரி படுக்கப் போகும்முன் வண்டியின் ஏர்க்காலை வடமீன் இருக்கும் திசைக்குத் திருப்பி வைப்பார். விடிந்ததும் எந்தப் பக்கம் போவது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் இவர்கள் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

வண்டியின் அருமை அதே வருடமே குட்நைட்டுக்குப் புரிந்தது. மாடுகளை விற்று 12,000 டாலர் தங்கமாக வாங்கிக்கொண்டு, அடுத்த மந்தையைக் கொண்டுவர அவர் மூன்று ஆட்களோடு டெக்சாஸ் திரும்பினார். வேகமாகப் போக வேண்டும் என்பதால் வண்டி இல்லை. தங்கமும் உணவும் ஒரே கோவேறு கழுதை மேல். ஒரு ராத்திரி இடி மின்னலில் கழுதை மிரண்டு ஓடியது. குட்நைட் கயிற்றை விடாமல் இழுத்துப் பிடித்துவிட்டார். தங்கம் தப்பியது, சாப்பாடு எல்லாம் இருட்டில் சிதறிப் போயிற்று. கையில் 12,000 டாலர், வயிற்றில் ஒன்றுமில்லை. எதிரே தர்ப்பூசணி ஏற்றிக்கொண்டு ஒருவர் வண்டியில் வந்தபோதுதான் அவர்கள் பசி தீர்ந்தது. முதுமையில் குட்நைட் சொன்ன இந்தக் கதையை அவருடைய வரலாற்றை எழுதிய எவெட்ஸ் ஹேலி பதிவு செய்திருக்கிறார்.

வழக்கமாகச் சக் வேகன் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். புத்திசாலி மனிதர், நல்ல வண்டி, சுபம். நான் உங்களுக்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சரக்கு எங்கே போகிறது? யாருக்குப் போகிறது? அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்போம்.

ஃபோர்ட் சம்னருக்கு அவ்வளவு இறைச்சி எதற்கு? அங்கே போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் 8,000க்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு முன்பு சில நூறு மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். நவஹோக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்பவர்கள். ஆடு வளர்த்து, சோளம் விதைத்து, கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் பீச் பழத் தோட்டம் வைத்து வாழ்ந்தவர்கள். 1863-64ல் கிட் கார்சன் தலைமையில் வந்த படை வயலை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பழமரங்களை வெட்டிச் சாய்த்தது. பசி தாங்காமல் சரணடைந்தவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுவந்தார்கள். இன்றும் அவர்கள் அதை ‘நெடு நடை’ என்றுதான் சொல்கிறார்கள். நடையிலும் முகாமிலும் இறந்தவர்கள் ஏராளம்.

முகாமில் ஆற்றுத் தண்ணீர் உப்பு. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. விறகு இல்லை. உணவுக்குச் சீட்டு கொடுத்தார்கள். முதலில் அட்டைச் சீட்டு, பிறகு உலோக வில்லை. உலோகத்தில் கைவேலை தெரிந்த நவஹோக்கள் அந்த வில்லையைப் போலவே செய்து, தங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு பங்கு வாங்கிக் கொடுத்தார்கள். வறுக்காத காப்பிக்கொட்டை கொடுத்தபோது அது என்னவென்று தெரியாமல், பயறு போல வேகவைத்துப் பார்த்தார்கள் என்று அவர்களுடைய வாய்மொழி நினைவுகளில் உண்டு. காப்பிக்கொட்டைக்குத் தனி அறை வைத்த வண்டி வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான்.

குட்நைட்டின் எருதுகளை ராணுவம் உயிரோடு எடை போட்டு ராத்தலுக்கு 8 சென்ட் கொடுத்து வாங்கியது. மற்ற இடங்களில் கிடைத்ததை விட நல்ல விலை. அந்தப் பணத்தில்தான் அடுத்த மந்தை வந்தது. இருவரும் போட்ட வழிக்குக் குட்நைட்-லவிங் தடம் என்று பெயர் வந்தது. அந்த வண்டியை மற்ற மாட்டுக்காரர்களும் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். சொந்த ஆடும் சோளமும் இருந்த ஒரு மக்களைப் பட்டினி போட்டுப் பணியவைத்து, பிறகு அவர்களுக்கு இறைச்சி வாங்க அரசாங்கமே பணம் கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் பணத்தைத் தேடிப் போன வழியில் பிறந்தது இந்தப் பெட்டி.

இதனால் குட்நைட் கெட்டவர் என்றோ, நீங்கள் டிரெய்லரில் தட்டை இழுக்கும்போது குற்ற உணர்ச்சியோடு இழுக்க வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. ஒரு வசதியின் வரலாற்றைச் சொல்லும்போது அதை உண்டாக்கிய தேவையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

ரயில் பாதைகள் நீண்டதும் மாடுகளை நடத்திப் போகும் தேவை போயிற்று. வண்டி பண்ணைகளில் தங்கியது, யோசனை காருக்கு மாறியது. 1910களிலும் 1920களின் தொடக்கத்திலும் தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன், எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் கூட்டாகக் காரில் முகாம் போனபோது, சமையல் சாமானுக்கென்று தனி லாரியும் சமையற்காரர்களும் உடன் போனார்கள். 1921ல் ஜனாதிபதி ஹார்டிங்கூட ஒரு முகாமில் சேர்ந்துகொண்டார். அவர்கள் பணக்காரர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் சாதாரண ஆட்களுக்குக் கிடைத்தது கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு சின்ன டிரெய்லர். ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ போன்ற பத்திரிகைகளில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டுக் கொட்டகையிலேயே பலர் செய்துகொண்டார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். சமையலறை வெளியே, வாலில். குட்நைட்டின் பெட்டியில் மூடி கீழே இறங்கி மேசையாகும். இதில் மூடி மேலே எழுந்து கூரையாகும். சமைப்பவர் தரையில் நின்றுகொண்டு கைக்கெட்டிய இழுப்பறையைத் திறப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றே. பிறகு பால் பேரிங் வைத்த இரும்புச் சட்டங்கள் வந்ததும், இழுப்பறை முழு நீளத்துக்கும் வெளியே வரும் தட்டாக வளர்ந்தது.

உங்களில் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கனமான சாமானை எல்லாம் கடைசித் தட்டில் அடுக்காதீர்கள். அச்சுக்கு அருகிலும் சற்று முன்னாலும், தாழ்வாகவும் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல ஆடும். காரிலிருந்து கழற்றி நிறுத்தியபின், பின்பக்கத் தாங்கு கால்களை இறக்காமல் கனமான தட்டை இழுக்க வேண்டாம், மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். கிளம்பும்முன் ஒவ்வொரு தட்டின் பூட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சாமானை ஒரே இடத்தில் வையுங்கள், இருட்டிலும் கை அதைக் கண்டுபிடிக்கும்.

நவஹோக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். 1868 ஜூன் 1ஆம் தேதி, பார்போன்சிட்டோ என்ற தலைவர் ஜெனரல் ஷெர்மனோடு பேசி ஒப்பந்தம் முடித்தார். தொலைவான வேறு நிலத்துக்கு அனுப்பும் யோசனையை மறுத்து, சொந்த மண்ணுக்கே போவோம் என்றார். அமெரிக்கப் பூர்வகுடிகளில் அப்படிச் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலர். வந்த வழியே நடந்து திரும்பினார்கள். இன்று அவர்களுடைய நிலம் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பூர்வகுடி நிலப்பரப்பு.

2005ல் டெக்சாஸ் மாநிலம் சக் வேகனைத் தன் அதிகாரபூர்வ வாகனமாக அறிவித்தது. அதே 2005ல் ஃபோர்ட் சம்னரில் போஸ்கே ரெடோண்டோ நினைவகம் திறக்கப்பட்டது. அந்த ஊருக்குப் பலர் பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரனின் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளே, டிரெய்லரோடு நியூ மெக்சிகோ பக்கம் போனால் கல்லறையைப் பார்த்தாலும் பாருங்கள், நினைவகத்துக்கும் குழந்தைகளைக் கூட்டிப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்