கனகாம்பரம் தெரியாத படம்

போன தை மாதம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். வாங்கிய கையோடு மேலூரில் இருக்கும் அப்பாயி வீட்டுக்குப் போனேன். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, வாழைத்தோப்பும் வாய்க்காலுமாக இருக்கும் பக்கம். 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிற வழி என்றால் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. கொல்லையில் செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, இட்லிப்பூ, சுவரோரமாக ஒரு பாத்தி நிறைய கனகாம்பரம். பூவைப் படமெடுத்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

முதல் நாள் எடுத்தது அத்தனையும் வீண். செம்பருத்திதான் ரொம்பப் படுத்தியது. கண்ணுக்கு அதன் இதழில் நரம்பு தெரிகிறது, மடிப்பு தெரிகிறது. திரையில் பார்த்தால் யாரோ சிவப்பு மையைக் கொட்டிய மாதிரி ஒரு கறை. இரண்டு நாள் தேடிப் படித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு குட்டி வண்ணக் கண்ணாடி போர்த்தியிருக்கிறார்கள். நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. செம்பருத்தியில் சிவப்புப் புள்ளிகள் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், மற்ற இரண்டும் காலியாகக் கிடக்கும். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் கேமரா ‘வெளிச்சம் சரியாத்தான் இருக்கு’ என்று நினைத்துக்கொள்ளும். நிரம்பி வழிந்த இடத்தில் நரம்பாவது மடிப்பாவது.

மருந்து எளிதுதான். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். வெயில் வந்துவிட்டால் செடிக்கு மேலே வெள்ளைத் துணி பிடிக்க வேண்டும். தாத்தாவின் பழைய வேட்டி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அப்பாயிதான். ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் ஆடும் காம்பைத் துணி கிளிப்பால் குச்சியோடு சேர்த்துக் கவ்வ வைத்ததும் அவருடைய யோசனை.

மூன்றாம் நாள் கனகாம்பரம் பக்கம் போனபோது சொன்னார், “பாப்பா, நான் போட்டோ எடுத்த அன்னைக்கு தலை நெறைய இதான் வச்சிருந்தேன். நடுநடுவுல மரிக்கொழுந்து.”

எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். 1956-ல், கல்யாணமான மறு வருஷம், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில், அப்பாயி பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருப்பார். அந்தப் படத்தில் அவர் தலையில் பூவே கிடையாது. சுமங்கலி, புதுப்பெண், ஸ்டுடியோவுக்குப் போகிறாள், பூ இல்லை. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதையே உண்டு. அன்று காலையில் இருவருக்கும் சண்டை, பூவைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் அப்பாயி கிளம்பினார் என்று அத்தை சொல்லுவார். தாத்தாவின் விறைப்பான முகத்தையும் அதற்குச் சாட்சியாகக் காட்டுவார். அப்பாயி பூ வைத்திருந்தேன் என்று சொல்லும்போதெல்லாம், “அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு” என்பார்கள். சமீபமாக அதைக் கொஞ்சம் கவலையோடும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

நானும் அதை நம்பினேன். படம் பொய் சொல்லாது என்றுதானே நமக்கெல்லாம் நினைப்பு.

அந்த நினைப்பை முதலில் அசைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். திருச்சியின் பழைய படங்களைத் தேடும் யாரும் லின்னேயஸ் ட்ரைப் என்ற பெயரில் போய் முட்டாமல் இருக்க முடியாது. 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1856-ல் அவரை மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். அடுத்த வருஷக் கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1858 தொடக்கத்தில் திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கம் கோயிலையும் அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் வந்தபோது தெற்கு ராஜகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோன வெறும் கல்கட்டடம். அது 236 அடிக்கு எழுந்தது 1987-ல்தான்.

அந்தப் படங்களில் கல் அற்புதமாக வந்திருக்கிறது. தூணில் உளி பட்ட இடத்தைக்கூட எண்ணலாம். ஆனால் மரத்தைப் பாருங்கள். அடர்ந்த கருப்புத் திட்டு, இலை என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்க முடியாது. வானமோ வெறும் வெள்ளை. ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். வெளிச்சம் விழ நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் காற்றில் ஆடியது எதுவும் மிஞ்சாது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் காலத்து வெள்ளி உப்புக்கு நீலமும் ஊதாவும்தான் ஒளி. பச்சை பாதி இருட்டு, சிவப்பு முழு இருட்டு. நீல வானம் வெளுத்துப்போவதும் இலை கருத்துப்போவதும் இதனால்தான். ட்ரைப் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நெகட்டிவ் மீது தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார், இலைக் கொத்துகளைத் திருத்தினார். ஆக, 1858-ன் திருச்சி வானத்தில் நாம் பார்க்கிற சில மேகங்கள் ட்ரைப் கையால் வந்தவை.

அவருடைய பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லின்னேயஸ் என்பது உலகத்துப் பூவுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தாவரவியலாளரின் பெயர். நம் செங்காந்தளுக்கும் செம்பருத்திக்கும் 1753-ல் பெயர் வைத்தது அவர். கனகாம்பரத்தின் அறிவியல் பெயரில் ‘புனல் வடிவம்’ என்று வரும் பாதியும் அவர் கொடுத்ததே. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திருச்சிக்கு வந்த கேப்டனின் கேமராவுக்கு ஒரு செம்பருத்தியைச் செம்பருத்தியாகக் காட்டத் தெரியாது.

தூரிகைக்குத் தெரிந்திருந்தது. ட்ரைப்புக்குச் சற்று முன்புவரை இதே மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான செடிகளை வரைய வைத்துப் புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தார். 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதிகள், இரண்டாயிரத்துக்கும் மேலான படங்கள். அவரிடம் வேலை செய்த இரண்டு ஓவியர்கள், ரங்கய்யா, கோவிந்து. அவர்கள் பெயர்களாவது படத்தின் அடியில் அச்சாகியிருக்கின்றன. அச்சில் கருப்பு வெள்ளைதான். மூல ஓவியங்களில் இதழின் ஓரம் எந்த இடத்தில் வெளிறுகிறது என்பதுவரை இருக்கும்.

திருச்சியிலேயே இன்னொரு வழியும் உண்டு. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ராபினட் உலர்தாவரச் சேமிப்பகம் இருக்கிறது. அதை உருவாக்கிய கே. எம். மேத்யூ என்ற ஏசுசபைப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெரிய தொகுதிகளை 1980-களில் கொண்டுவந்தவர். செடியைப் பறித்து, அழுத்தி, காயவைத்து, அட்டையில் ஒட்டும் வேலையில் முதலில் போவது நிறம். சிவப்போ ஆரஞ்சோ, சில மாதத்தில் எல்லாம் பழுப்பு. அதனால் பறித்த அன்றே பூவின் நிறத்தைச் சொல்லில் எழுதிவைப்பது சேகரிப்பவர்களுக்கு விதி. ஐம்பது வருஷம் கழித்து அட்டையைப் புரட்டுகிறவர் பழுப்புப் பூவை நம்ப மாட்டார், பக்கத்தில் எழுதியிருப்பதைத்தான் நம்புவார்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் நாங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம்.

மிச்சக் கதை வேகமாக நடந்தது. 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர், சாயம் கலந்த ஒரு தட்டு எதிர்பாராத விதமாகப் பச்சையையும் பதிவதைக் கவனித்தார். அதிலிருந்து ‘ஆர்த்தோகுரோமாடிக்’ வகை வந்தது. நீலத்தோடு பச்சையும் மஞ்சளும் ஓரளவு தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் தெரியாது. எல்லா நிறமும் தெரிகிற ‘பான்குரோமாடிக்’ தட்டு 1906-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டுடியோக்காரர்கள் பலர் ஆர்த்தோவை நெடுங்காலம் விடவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்துக் கழுவலாம். பான்குரோமாடிக் என்றால் கும்மிருட்டில் தடவ வேண்டும். இதன் அடையாளம் நம் எல்லார் வீட்டு ஆல்பத்திலும் இருக்கிறது. பாட்டிகளின் நெற்றியில் குங்குமம் தார் உருண்டை மாதிரி கருப்பாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்கள் யாரும் அன்று சாந்துப்பொட்டு வைத்திருந்தார்கள் என்று அர்த்தமில்லை.

அப்பாயியின் படத்திலும் குங்குமம் கன்னங்கரேல் என்றுதான் இருக்கிறது. நெற்றியில் சிவப்பு கருப்பாகியிருந்தால், கருப்புக் கூந்தலில் ஆரஞ்சு என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் காலை சோதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாயி கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்து கட்டிக் கொடுத்ததை அவள் பின்னலில் வைத்து ஐந்தாறு படம் எடுத்தேன். மரிக்கொழுந்து சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் வாங்கியது. கம்ப்யூட்டரில் சிவப்பையும் பச்சையையும் விலக்கி, நீலத்தை மட்டும் விட்டுப் பார்த்தேன். பூ காணோம். சும்மா சொல்லவில்லை, பின்னலில் பூ இருந்த இடமே தெரியவில்லை. பச்சையைக் கொஞ்சம் சேர்த்தபோது மங்கலாக ஏதோ ஒரு தடிப்பு. அந்தத் தடிப்பின் நடுநடுவே மரிக்கொழுந்து மட்டும் சாம்பல் புள்ளிகளாகத் தனித்து நின்றது.

பிறகு பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புதுக் கேமராவால் நெருக்கமாக எடுத்தேன். தோளுக்கு மேலே, பின்னல் வளைந்து இறங்கும் இடத்தில் ஏழெட்டு சாம்பல் புள்ளிகள். பூசணம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம். அப்பா ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கப் போய், படம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார். புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில், சரம் தொங்குகிற வளைவிலேயே இருக்கின்றன. படத்தில் வேறெங்கும் அப்படி இல்லை. 1956-ல் அந்த ஸ்டுடியோவில் என்ன ஃபிலிம் போட்டார்கள் என்று கேட்க இன்று ஆள் இல்லை. ஆனால் பூசணம் இப்படி வரிசை கட்டி வளராது என்பது என் கட்சி.

அத்தைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சண்டை?” என்றார்.

அப்பாயி பக்கத்தில்தான் இருந்தார். “சண்டையெல்லாம் போட்டோம்தான். அது வேற நாளு.”

தாத்தா 1971-ல் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாயி பூ வைப்பதில்லை. வைக்கக்கூடாது என்று யாரும் இப்போது சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. வாசனை இல்லாத பூ பெருமாளுக்கு ஆகாது என்பார். ஆனாலும் ஐம்பது வருஷமாக அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி, தெருவில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். காய்ந்த காய் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடிக்கும், சின்ன வயதில் நாங்கள் அதற்காகவே அந்தப் பக்கம் போவோம். அந்தச் செடி ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

மாலையில் அன்றைக்கு எடுத்ததில் எனக்குப் பிடித்த ஒரு படத்தைக் காட்டினேன். பாத்தியின் ஓரத்துக் கொத்து, பின்னால் சுவர் மங்கி, இதழில் நரம்புகூட வந்திருந்தது. அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு சிவப்பா இருக்காதே பாப்பா. நம்மளது நாட்டுக் கனகாம்பரம். மஞ்சள் ஓடும் அதுல.”

செடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஒயிட் பேலன்ஸை மாற்றிவிட்டு, காலை ஆறரைக்கு அலாரம் வைத்தேன்.