கம்பெனி மூடியபின் வாழ்ந்த கார்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் நகருக்கு வடக்கே ஆபர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. டெட்ராய்ட் போலப் புகழ்பெற்ற கார் நகரமல்ல. ஆனால் அவ்வூரின் தெற்கு வேன் தெருவில், 1930-இல் ஆபர்ன் ஆட்டோமொபைல் கம்பெனி தனக்கெனக் கட்டிக்கொண்ட தலைமை அலுவலகம் இன்றும் நிற்கிறது. ஏ. எம். ஸ்ட்ராஸ் என்ற கட்டடக் கலைஞர் ஆர்ட் டெகோ பாணியில் வடித்த கட்டடம் அது. கீழ்த்தளத்தில் புது மாடல்களை நிறுத்திவைக்கும் அகன்ற ஷோரூம். தரையெல்லாம் வண்ண மொசைக் கோலம். 1974 ஜூலை 6 முதல் இதுவே ஆபர்ன் கோர்டு டியூசன்பர்க் அருங்காட்சியகம். பழைய கார்களை நேசிப்பவர்கள் கூடும் விழாவின் மலரில் இந்த இடத்தையும், இங்கே வாழ்வு பெற்ற கோர்டு 810-ஐயும் பற்றி எழுதக் கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

கதை குதிரை வண்டியில் தொடங்குகிறது. 1874-இல் சார்ல்ஸ் எக்ஹார்ட் ஆபர்னில் வண்டிப் பட்டறை வைத்தார். அவருடைய மகன்கள் ஃபிராங்க், மோரிஸ் இருவரும் 1900-இல் மோட்டார் கம்பெனி தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு நிறுவனம் சிகாகோ முதலீட்டாளர்கள் கைக்குப் போயிற்று. விற்பனை படுத்தது. 1924-இல் எரெட் லாபன் கோர்டு வந்து சேர்ந்தபோது, விலைபோகாத கார்கள் சுமார் எழுநூறு தேங்கிக் கிடந்தன. அவருக்கு வயது முப்பதுதான். புதுப் பெயிண்ட் அடித்து, நிக்கல் பூச்சு போட்டுப் பளபளக்க வைத்து அத்தனையையும் விற்றுத் தீர்த்தார். கண்ணைக் கவர்ந்தால் பாதி விற்பனை முடிந்தது என்ற அந்த நம்பிக்கைதான் பின்னால் கம்பெனியின் பலமாகவும் பலவீனமாகவும் ஆனது.

1926-இல் டியூசன்பர்க் கம்பெனியை வாங்கினார். 1928 டிசம்பரில் வந்த மாடல் ஜே, அமெரிக்கா அதுவரை காணாத ஆடம்பரம்; 265 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் அதே வரிசையில் ஒரு வண்டியை வாங்கி, லண்டன் கர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டச் செய்தார். 1929-இல் கோர்டு தன் பெயரிலேயே எல்-29 என்ற முன்சக்கர இழுவைக் காரையும் இறக்கினார். லைகோமிங் எஞ்சின் தொழிற்சாலை, ஸ்டின்சன் விமானக் கம்பெனி எனப் பலதும் அவர் குடையின் கீழ் இருந்தன. அந்த விமானக் கம்பெனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

810-ஐ வரைந்தவர் கார்டன் பியூரிக். இருபத்தைந்து வயதிலேயே டியூசன்பர்க்கின் தலைமை பாடி வடிவமைப்பாளர் ஆனவர். இடையில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனபோது, அங்கே நடந்த உள் போட்டி ஒன்றுக்காக, எஞ்சினைத் தூசி புகாமல் மூடி, ரேடியேட்டரை வெளியே வைக்கும் கார் ஒன்றைக் கற்பனை செய்தார். நடுவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த யோசனையோடு திரும்பி வந்தவரிடம், விலை குறைந்த 'சின்ன டியூசன்பர்க்' ஒன்றை வரையச் சொன்னார்கள். திட்டம் நின்றது, மீண்டும் கிளம்பியது, கடைசியில் கோர்டு 810 என்று பெயர் மாறியது. வெளி ரேடியேட்டர் யோசனை கைவிடப்பட்டது. ஆனால் வழக்கமான முன்கிரில் இல்லாத முகம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த முகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் முன்னால் நெட்டுக்குத்தாக ரேடியேட்டர், இரு பக்கமும் உருண்டைக் கண்களாக ஹெட்லைட். 810-இல் இரண்டுமே கிடையாது. மழுங்கிய மூக்கைச் சுற்றிக் கிடைமட்டமாகத் தகட்டு வரிகள் ஓடி, பானெட்டின் பக்கவாட்டுக்கும் போகின்றன. ஹெட்லைட்டுகள் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஸ்டின்சன் விமானத்தின் தரையிறங்கு விளக்குகளைத்தான் அங்கே பொருத்தினார்கள். இருட்டினால், டேஷ்போர்டின் இரு முனையிலும் உள்ள கைப்பிடிகளைச் சுழற்ற வேண்டும். வலப்புறத்துக்கு ஒன்று, இடப்புறத்துக்கு ஒன்று. சுழற்றச் சுழற்ற விளக்குகள் எழும்பி வரும். கதவுக் கீல் வெளியே தெரியாது. பெட்ரோல் மூடியும் தெரியாது. வட்ட வட்டமாகச் சுழல் பொறித்த உலோக டேஷ்போர்டில் மீட்டர்கள் விமான அறை போல அணிவகுத்திருக்கும்.

இத்தனை அழகும் பொறியியலின் மேல் நின்ற அழகு என்பதுதான் எனக்கு முக்கியம். முன்சக்கர இழுவை என்பதால் பின்னால் போகும் நீண்ட தண்டு இல்லை. தண்டு இல்லாததால் தரையைத் தாழ்த்த முடிந்தது. தரை தாழ்ந்ததால் ஏறிப்போக ஃபுட்போர்டு தேவைப்படவில்லை. ஃபுட்போர்டை ஒழித்தது வெறும் அலங்காரத் துணிச்சல் அல்ல. லைகோமிங்கின் வி-8 எஞ்சின் 125 குதிரைத்திறன் தந்தது. ஸ்டீரிங் தண்டில் விரல் அளவு நெம்புகோல் ஒன்று. அடுத்த கியரை அதில் முன்கூட்டியே தேர்ந்துவிட்டுக் கிளச்சை மிதித்தால், மின்சாரமும் வெற்றிட இழுவையும் சேர்ந்து கியரை மாற்றிவிடும்.

1935 நவம்பர், நியூயார்க் கார் கண்காட்சி. நூறு வண்டி தயாராக இருந்தால்தான் இடம் என்பது விதி. இராப்பகலாக உழைத்து ஒப்பேற்றினார்கள். கியர்பாக்ஸே இல்லாமல் பல வண்டிகள் மேடையேறின. கூட்டம் அலைமோதியது. பக்கத்துக் கடைக்காரர்களின் கார் பம்பரில் ஏறி நின்று பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் தருகிறோம் என்றது கம்பெனி. தர முடியவில்லை. முன்பதிவு செய்தவர்களுக்குக் காருக்குப் பதில் அதன் சிறு வெண்கல உருவம் போய்ச் சேர்ந்தது. பின்னர் கைக்கு வந்த கார்களும் சூடாகி நின்றன. ஓட்டத்திலேயே கியர் நழுவியது. 1995 டாலரிலிருந்து தொடங்கிய விலை, பொருளாதார மந்தம் மாறாத நாட்டில் சிறு தொகையும் அல்ல. மறு ஆண்டு 812 வந்தது. அதன் சூப்பர்சார்ஜர் வகையில் பானெட்டின் பக்கங்களிலிருந்து வளைந்து இறங்கும் குரோமியப் புகைக்குழாய்கள்தான் இன்று எல்லாப் புகைப்படத்திலும் இருப்பவை. 1937 ஆகஸ்டில் கோர்டு தன் பங்குகளை விற்று வெளியேறினார். உற்பத்தி நின்றது. இரண்டு ஆண்டிலும் சேர்த்து வெளிவந்தவை ஏறத்தாழ மூவாயிரம்.

வழக்கமாக இங்கே ஒரு காரின் கதை முடிந்துவிடும். அச்சுகள் விலைபோய், ஹப், கிரஹாம் கம்பெனிகளின் பின்சக்கர இழுவைக் கார்களாக ஓரிரு ஆண்டு உருமாறி உலவின. ஆனால் ஆபர்ன் கட்டடத்தையும், மலையாகக் குவிந்த உதிரி பாகங்களையும் டல்லஸ் வின்ஸ்லோ என்பவர் வாங்கி, அங்கேயே பாகம் விற்பதையும் ரிப்பேரையும் தொழிலாக நடத்தினார். இந்த மனிதரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டு கார்களைக் கலைப் பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது கோர்டு 812-உம் அதில் ஒன்று. அந்தப் பெருமை பெரியதுதான். ஆனால் தெருவில் ஓடிக்கொண்டிருந்த கோர்டுகளுக்கு அப்போதும் பாகம் வேண்டியிருந்தது, ஆபர்னில் கிடைத்தது.

1952-இல் உரிமையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1956 முதல் ஆபர்னிலேயே ஆண்டுதோறும் கூடினார்கள். 1960-இல் ஓக்லஹோமா ஆசிரியர் கிளென் பிரே அந்தப் பாகக் குவியலை வாங்கிப் புரோக்கன் ஆரோவுக்கு ஏற்றிச் சென்றார். பாகம் போனாலும் கூடுகை ஊரை விட்டுப் போகவில்லை. அந்தக் கூடுகையின் ஆர்வமே 1974-இல் பழைய அலுவலகத்தை அருங்காட்சியகமாக்கியது. 2005-இல் அதற்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது.

கம்பெனி அவசரத்தில் சரிசெய்யாமல் விட்ட கியர்பாக்ஸ் கோளாறுகளை, சங்கத்து உறுப்பினர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் உழைப்பாளர் தினத்தை ஒட்டி ஆபர்னில் ஊர்வலம் நடக்கும்போது கோர்டுகள் தம் சொந்த எஞ்சினில், சொந்த கியரில் ஓடியே வருகின்றன.