அமெரிக்காவில் வாழும் உம்மா வாப்பாவுக்கு மேலதிக மருத்துவக் காப்புறுதி: தவறவிடக்கூடாத 6 மாதங்கள்

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றால் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், அமெரிக்காவில் முதியோருக்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருக்கிறது என்று கேட்டதும் எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடுகிறோம். பிள்ளைகளுடன் அங்கு குடியேறிய பெற்றோர் விடயத்தில் இந்த எண்ணம் பெரும் கடனில் கொண்டுபோய் விடலாம்.

யாருக்குக் கிடைக்கும்?

65 வயதைக் கடந்தோருக்கான அந்தக் காப்புறுதியின் பெயர் மெடிகெயார். 1965 இல் சட்டமானது. கிரீன் கார்ட் பெற்றுச் செல்லும் பெற்றோர், அங்கு 5 வருடங்கள் தொடர்ச்சியாக வசித்த பின்னரே பணம் செலுத்தி அதில் சேரலாம். இடையில் நீண்ட காலம் ஊரில் வந்து தங்கினால் அந்தத் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகலாம். பிள்ளை அங்கு உழைத்து வரி செலுத்திய வருடங்கள் பெற்றோரின் கணக்கில் சேராது என்பதையும் பலர் அறிவதில்லை.

எங்கே ஓட்டை இருக்கிறது?

பகுதி ஏ வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. 2025 இல் அனுமதிக்கப்பட்டபோது முதல் 1,676 டொலரை நோயாளியே செலுத்த வேண்டியிருந்தது. அதன் பின் 60 நாட்கள் வரை மெடிகெயார் பொறுப்பேற்கும். பகுதி பீ வைத்தியர் கட்டணம், பரிசோதனைகள், வெளிநோயாளர் சிகிச்சைக்கானது. 2025 இல் வருடத்தின் முதல் 257 டொலர் நம்முடையதாக இருந்தது. அதற்கு மேல் வரும் செலவில் 20 சதவீதமும் நம்முடையதே. இந்த 20 சதவீதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது. வெளிநோயாளராகப் பெறும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மெடிகெயார் ஏற்றுக்கொண்ட தொகை 40,000 டொலர் என்றால், ஏறத்தாழ 8,000 டொலர் குடும்பத்தின் தலையில் விழும்.

இரண்டு வழிகள்

முதலாவது மெடிகெப். மெடிகெயார் விட்டுவைக்கும் பங்கைச் செலுத்தும் தனியார் காப்புறுதி இது. பெரும்பாலான மாநிலங்களில் இதன் திட்டங்கள் ஆங்கில எழுத்துக்களால் பெயரிடப்பட்டு, அவற்றின் நன்மைகளும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. எனவே பிளான் ஜி என்றால் எந்தக் கம்பனியில் வாங்கினாலும் அடிப்படை நன்மைகள் ஒன்றே. விலைதான் வேறு. பிளான் ஜி, பகுதி பீயின் அந்த முதல் தொகையைத் தவிர மேற்கூறிய இடைவெளிகளை நிரப்பும். பிளான் என் பொதுவாகக் கட்டணம் குறைந்தது. ஆனால் வைத்தியரிடம் செல்லும் சில தடவைகளில் 20 டொலர் வரையும், அனுமதிக்கப்படாத அவசர சிகிச்சைக்கு 50 டொலர் வரையும் கொடுக்க நேரும். விலை கேட்கும்போது, வயது ஏற ஏறக் கட்டணம் கூடுமா என்றும் கேளுங்கள். ஆரம்பத்தில் மலிவாகத் தெரியும் சில பொலிசிகள் 80 வயதில் சுமையாகிவிடும்.

இரண்டாவது மெடிகெயார் அட்வான்டேஜ். மாதக் கட்டணம் குறைவு அல்லது இல்லை. வருடச் செலவுக்கு உச்ச வரம்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் குறிப்பிட்ட வலையமைப்பிலுள்ள வைத்தியர்களிடமே செல்ல வேண்டும். பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும். இதில் இருப்பவர் மெடிகெப்பைப் பயன்படுத்த முடியாது.

அந்த 6 மாதங்கள்

65 வயது நிறைந்து, பகுதி பீ ஆரம்பிக்கும் மாதத்திலிருந்து 6 மாதங்களுக்கு எந்த மெடிகெப் கம்பனியும் நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ, கூடுதல் கட்டணம் கேட்கவோ முடியாது. 70 வயதில் பகுதி பீ பெறும் வாப்பாவுக்கும் இந்த உரிமை அப்போதுதான் ஆரம்பிக்கும். முன்பு காப்புறுதி இல்லாதிருந்தால், ஏற்கனவே உள்ள நோய்க்கு 6 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம், அவ்வளவுதான்.

இக்காலம் முடிந்த பின்னர் பெரும்பாலான மாநிலங்களில் கம்பனிகள் உடல்நிலையை விசாரிக்கும். நீரிழிவும் இதய நோயும் சாதாரணமாகிவிட்ட நம்மவர்களுக்கு அந்தக் கதவு மூடப்படலாம். “வாப்பா இப்போது சுகமாகத்தானே இருக்கிறார், பிறகு பார்ப்போம்” என்பது இங்கே செலவு கூடிய வார்த்தை. முதலில் அட்வான்டேஜில் சேர்ந்துவிட்டுப் பின்னர் மெடிகெப்புக்கு மாறுவதும், முதல் 12 மாதங்களில் உள்ள சலுகை போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, இதே காரணத்தால் கடினம்.

ஊருக்கு வந்து போவோர்

மெடிகெயார் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே பணம் தராது. உம்ராவுக்கோ ஊருக்கோ வரும் பெற்றோருக்கு பிளான் ஜி, பிளான் என் இரண்டும் ஓரளவு கைகொடுக்கும். பயணத்தின் முதல் 60 நாட்களில் ஏற்படும் அவசர சிகிச்சைக்கு, 250 டொலர் போக 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் உச்ச வரம்பு 50,000 டொலர். அட்வான்டேஜில் இருப்பவர் 6 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கப்படுவார்.

மெடிகெப் வாங்கினாலும் வெளியில் வாங்கும் மருந்துகளுக்குப் பகுதி டீ தனியாக எடுக்க வேண்டும். பல், மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி என்பன பொதுவாக இதில் அடங்கா. வருமானம் குறைந்த பெற்றோர் முதலில் மெடிகெயிட் உதவிக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டும். அது கிடைத்தால் மெடிகெப் பொதுவாகத் தேவைப்படாது.

முகவரின் பேச்சை மட்டும் நம்பிக் கையொப்பமிட வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் எனும் அரச ஆலோசனைச் சேவை இலவசமாக இயங்குகிறது. பெற்றோரின் மருந்துப் பட்டியலையும் வைத்தியர்களின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு, பகுதி பீ ஆரம்பிக்கும் முன்பே அங்கு பேசிவிடுவது பிள்ளைகளின் பொறுப்பு.